வீட்டுக்காரர் பெட்டியில் உங்கள் அட்வான்ஸ் இல்லை

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் என் மேசையில் கிடக்கும் கடிதங்களில் அட்வான்ஸ் பற்றியவைதான் அதிகம். ஆடி முடிந்த கையோடு இப்படித்தான் வரும். முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவள் நான். வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைக்குள்ளேயே ஒன்பது வீடு மாறியிருக்கிறேன். இப்போது திருநகரில் என் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பொய்யும் எனக்குத் தெரியும்.

*

அக்கா, ஆனையூரில் ஒரு வீட்டு மாடியில் நாலு வருடம் குடியிருந்தோம். வாடகை 8,000, அட்வான்ஸ் 60,000. ஆனி கடைசியில் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். "அடுத்த ஆள் வரட்டும், தந்துடுறேன்" என்றார் வீட்டுக்காரர். ஆவணியில் புது ஆள் வந்த பிறகு போய்க் கேட்டால், கைப்பட எழுதிய ஒரு சீட்டை நீட்டுகிறார். அட்வான்ஸ் 60,000, அதில் பெயின்ட் 18,000, பாத்ரூம் டைல்ஸ் உப்புக்கறை 6,500, சுவரில் ஆணி 2,000, ஜன்னல் கண்ணாடி 900, கரண்ட் 1,460, மீதி 31,140. கண்ணாடி எங்கள் பையன் பந்து அடித்து உடைத்ததுதான், மறுக்கவில்லை. முதல் வருடம் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். பிறகு புதுப்பிக்கவில்லை. பெயின்ட் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அட்வான்ஸ் என்று அதில் 20,000 மட்டும்தான் போட்டிருக்கிறது, அது ஜிபேயில் போட்டது. மீதி 40,000 பால் காய்ச்சிய அன்று அவர் மனைவி கையில் ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கிடையாது. போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், ஆனையூர்

தங்கச்சி, கோபத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடவில்லையே? முதலில் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். அதுதான் உங்கள் ரசீது. ரொக்கமாகக் கொடுத்த 40,000 ரூபாய்க்கு ஆதாரம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். "அட்வான்ஸ் 60,000" என்று அந்த மனிதரே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். கழிக்கும் அவசரத்தில் எதை ஒப்புக்கொள்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. போட்டோவும் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் இதைப் பற்றிப் பேசிய குரல்பதிவு ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள்.

போலீஸ் வேண்டாம். இது கொடுக்கல் வாங்கல். ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லி அனுப்பினார்கள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அவருக்குத் தெம்பு கூடும்.

இனி சீட்டை வரி வரியாகப் பார்ப்போம். நம் மாநிலத்தில் 2017-இல் ஒரு வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. "அடுத்த ஆள் வந்த பிறகு" என்று எங்கேயும் சொல்லவில்லை. யார் எதைப் பழுது பார்க்கவேண்டும் என்று சட்டத்தின் கடைசியில் ஒரு பட்டியலும் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் எழுதியதுதான் நிற்கும். உங்களுடையதில் பெயின்ட் பற்றி ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த 18,000 அவர் பாடு.

மற்ற வாசகர்கள் இந்த இடத்தில் எழுந்துபோய் அவரவர் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவுக்குப் பிடித்துக்கொள்ளலாம்" என்ற வரி பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும். நானே அதை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. நாள் நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள் எமகண்டம் வருவதற்குள் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள்.

அடுத்து உப்புக்கறை. ஆனையூர்ப் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? நாலு வருடம் அந்தத் தண்ணீர் பட்டால் டைல்ஸில் வெள்ளை படியத்தான் செய்யும், ஷவர் அடைக்கத்தான் செய்யும். அவர் போட்ட போர், அதில் வந்த தண்ணீர். குடியிருப்பதால் வரும் சாதாரணத் தேய்மானத்தைச் சட்டமே ஒதுக்கி வைக்கிறது. வீட்டை வாங்கியபடி திருப்பித் தரவேண்டும், தேய்மானம் நீங்கலாக. ஆணிக்கும் அதே பதில். மீனாட்சி படத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என்று அடிப்பது குடித்தனம். சுவரைத் துளைத்து ஏசி மாட்டி, போகும்போது அந்த ஓட்டையை அப்படியே விட்டுப் போயிருந்தால் அது வேறு பேச்சு.

கண்ணாடி 900 கொடுத்துவிடுங்கள். கரண்ட் 1,460-உம் கொடுங்கள். ஆனால் எந்த ரீடிங்கிலிருந்து எந்த ரீடிங் வரை, யூனிட் என்ன விலை என்று கேட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது. உங்களுக்குப் பின்னால் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஓட்டிய மோட்டாரும் அதில் சேர்ந்திருக்கலாம். சரியாக இருந்தால் கழிவு 2,360. அவர் தரவேண்டியது 57,640. முப்பத்தோராயிரம் இல்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. 1994-இல் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். அட்வான்ஸ் 5,000. காலி செய்த அன்று வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு வந்து ஹோல்டர் ஹோல்டராக எண்ணினார். மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் அடுப்படிச் சுவர் கறுத்துவிட்டது என்று 1,500 பிடித்தார். அன்றைக்கு அது எங்கள் மூன்று மாத மளிகை. என் கணவர் "விடு, நாலு பேர் பாக்குறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துத்தான் சமைப்போம் என்று தெரிந்துதானே வீட்டை வாடகைக்கு விட்டார் என்று வண்டியில் சாமானோடு உட்கார்ந்து வரும்போதுதான் தோன்றியது. தோன்றி என்ன செய்ய, வண்டி யானைக்கல் தாண்டியிருந்தது.

இரண்டாவது கதை என்னைப் பற்றியதே. திருநகர் மாடியில் ஒரு பேங்க் குமாஸ்தா குடும்பம் இருந்தது. மாறுதல் வந்துவிட்டது, காலி செய்கிறோம் என்று முறையாக ஒரு மாதம் முன்னால் சொன்னார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்கள் கொடுத்த அட்வான்ஸை மகள் காலேஜ் ஃபீஸுக்குக் கட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. "அடுத்த ஆள் வரட்டும் தம்பி" என்று நானும் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் டார்ச் லைட் ஞாபகம் வந்தது. மறுநாள் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்காரர் பெட்டியில் உங்கள் பணம் கிடையாது. கல்யாணம், காலேஜ், மேல்தளம் கட்டியது என்று அது எப்போதோ போய்விட்டது. உங்களுக்குத் திரும்பி வரப்போவது அடுத்துக் குடிவருபவர் கொண்டுவரும் பணம்தான். அதனால் எந்த மாதம் காலி செய்கிறோம் என்பது நியாயத்தைவிட முக்கியம். ஆனி கடைசியில் சாவியைக் கொடுத்தீர்கள். ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? மாதம் முழுக்க டு-லெட் போர்டு தொங்கியிருக்கும். அந்த ஒரு மாத வாடகை நஷ்டத்தை எங்கே பிடிக்கலாம் என்று அவர் மனது அலைந்திருக்கும். 18,000 பெயின்ட் அங்கேதான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம். மார்கழிக்கும் இதே கதைதான். இனி வீடு மாறினால் வைகாசியிலேயே சொல்லிவிட்டு, அடுத்த ஆளையும் முடிந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். புரோக்கர் கமிஷன் மிச்சம் என்று வந்தவரும் சந்தோஷப்படுவார். அவர் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள்.

சரி, இப்போது செய்யவேண்டியது. அவர் தருகிற 31,140-ஐ வேண்டாம் என்று வீம்பாகத் தள்ளாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னால் "ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன், பாக்கி நிற்கிறது" என்று எழுதுங்கள். "முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்ற வாசகத்தின் கீழே மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கதை அதோடு முடிந்துவிடும்.

அப்புறம் ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸ் உடனே வேண்டாம், முதலில் உங்கள் கையால் எழுதுங்கள். இவ்வளவு போதும்: "ஐயா, தங்கள் வீட்டு மாடியில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை குடியிருந்து சாவியை ஒப்படைத்தோம். அட்வான்ஸ் 60,000 ரூபாய் எனத் தாங்களே எழுதிக் கொடுத்த சீட்டின் நகல் இணைத்துள்ளேன். கண்ணாடிக்கும் மின்கட்டணத்துக்கும் 2,360 கழித்து 57,640 ரூபாயை 15 நாளுக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்த வேண்டுகிறேன்." அதற்குள் 31,140-ஐ வாங்கியிருந்தால் அதையும் கழித்து, பாக்கி 26,500 என்று எழுதுங்கள். திட்டாதீர்கள், சாபம் விடாதீர்கள். இந்தக் கடிதத்தை நாளைக்கு ஒரு நீதிபதி படிக்கலாம். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ரசீதைச் சீட்டு இருக்கும் கவரிலேயே போடுங்கள்.

பதினைந்து நாள் கழித்தும் அசையவில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வாசகர்கள் தாலுகா நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுத்து, வீட்டுக்காரரை அழைத்துப் பேசவைக்கச் சொல்லலாம். கோர்ட் கட்டணம் இல்லை. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நான் பார்த்தவரை அரசு முத்திரை வைத்த கவர் வீட்டுக்கு வந்தாலே பாதி வீட்டுக்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள் என்ற பயத்தில். அவர் வரவே இல்லை என்றால் பேச்சுவார்த்தை அங்கேயே நின்றுவிடும், பிறகு வழக்குத்தான். அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு. அதற்காக இரண்டே முக்கால் வருடம் தூங்க வேண்டாம்.

உங்கள் 11 மாத ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம் என்று எழுதுகிற பழக்கம் வந்தது. 2017 சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இணையதளத்திலேயே பதியலாம். நம் ஊரில் பதிகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். பதிந்திருந்தால் உங்களுக்கு வாடகை நீதிமன்றத்தின் வாசலும் நேராகத் திறந்திருக்கும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்களைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பக்கம் அனுப்புகிறேன்.

*

அம்மா, கோரிப்பாளையத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறோம். படிப்பு முடிய மூன்று மாதம் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. "இனி வாடகை தரமாட்டோம், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாமா? சீனியர்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்களாம்.
– மாணவர், மதுரை

சீனியர்கள் சொல்லிக் கேட்டு நடந்தால் இன்னும் என்னென்னவோ செய்ய வேண்டியிருக்கும் தம்பி. வீட்டுக்காரர் சம்மதித்து, வாட்ஸ்ஆப்பிலாவது "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் தாராளமாகச் செய்யுங்கள். அவருக்கும் திருப்பித் தரும் தொல்லை இல்லை. சம்மதம் இல்லாமல் நிறுத்தினால், இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்குக் கிடைக்கும் சட்டக் காரணம். பரீட்சை நேரத்தில் அந்த வம்பு எதற்கு? இரண்டு மாதத்தைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்தைக் கரண்டுக்கும் உடைசலுக்கும் வைத்திருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் வீட்டுக்காரியாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். நாலு பையன்கள் இருந்த வீட்டில் உடைசல் இல்லாமல் இருக்காது.

*

செல்லூரில் மூன்று லட்சத்துக்கு ஒத்திக்கு இருக்கிறோம். மூன்று வருடக் கெடு பங்குனியோடு முடிந்தது. பணம் கேட்டால் "வேறு ஒத்திக்கு ஆள் பார்க்கிறேன், நீங்கள் வீட்டைக் காலி செய்து கொடுத்தால்தான் காட்ட முடியும்" என்கிறார் உரிமையாளர். நாங்கள் ஒத்தக்கடைப் பக்கம் சின்னதாக வீடு கட்டி முடித்துவிட்டோம். காலி செய்துவிட்டுப் பணத்துக்கு அலையலாமா? முத்திரைத்தாளில் எழுதியதுதான், பதியவில்லை.
– தறிக்காரர் ஒருவர், செல்லூர்

காலி செய்யாதீர்கள். இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் ஒத்தி பற்றி வேறு சிலரும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடகைக்கு இருப்பவருக்கும் ஒத்திக்கு இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒத்தியில் நீங்கள் கடன் கொடுத்தவர், அவர் கடன் வாங்கியவர். வட்டிக்குப் பதில் வீட்டில் குடியிருக்கிறீர்கள். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் இதற்குச் சுவாதீன அடமானம் என்று இடம் உண்டு. கடன் அடைகிற வரை சொத்து கடன் கொடுத்தவர் கையில் இருப்பதுதான் அதன் உயிர். சாவியைக் கொடுத்தால் உங்கள் கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சும். அதுவும் பதியாத காகிதம். அடமானம் என்று அது கோர்ட்டில் நிற்காது, பணம் கைமாறியதைக் காட்ட உதவலாம், அவ்வளவுதான்.

ஏன் பதியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். ஏறினால் வீட்டுக்காரர் பேங்கில் கடன் வாங்க முடியாது, விற்கவும் உங்களைக் கேட்க வேண்டும். "செலவு எதுக்குண்ணே, நமக்குள்ளதானே" என்று இழுப்பார்கள். என் மேசைக்கு முன்னால் நின்றே இப்படிப் பேசியவர்கள் உண்டு. பதியச் சொல்லி நான் வற்புறுத்தினால் பக்கத்து மேசைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் முதல் வேலையாக அந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பேங்க் அடமானம் ஏதாவது இருந்தால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். பேங்க் வந்து வீட்டில் நோட்டீஸ் ஒட்டினால் பதியாத ஒத்திக்காரரின் பேச்சு எடுபடாது. வில்லங்கம் சுத்தமாக இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

"காலி செய்தால்தான் ஆள் காட்ட முடியும்" என்பது சாக்கு. நீங்கள் இருக்கும்போதே வந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள், வீட்டைக் கூட்டிப் பெருக்கி வையுங்கள். புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டுக் குடும்பம் அங்கே போகட்டும். இங்கே ஒரு அறையில் கட்டிலையும் நாலு சாமானையும் வைத்துப் பூட்டி, சாவியை வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தி வீடுகளில் காலம் காலமாக நடக்கிறதுதான் இது. அடுத்த ஒத்திக்காரர் வந்ததும் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். அவருடைய பணத்திலிருந்து உங்கள் மூன்று லட்சம் உங்கள் கணக்குக்கு வந்து, போனில் செய்தி பார்த்த பிறகு சாவியையும் அசல் பத்திரத்தையும் மேசையில் வையுங்கள். பத்திரத்தின் பின்பக்கம் "பணம் முழுவதும் வரவாகி ஒத்தி தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அது அவருக்கு நீங்கள் செய்யவேண்டிய நியாயம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கெடு பங்குனியில் முடிந்தது என்கிறீர்கள். பணத்துக்காக வழக்குப் போட மூன்று வருடம் என்று முன்னால் சொன்னேனே, அந்தக் கடிகாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. "இன்னார்க்கு மூன்று லட்சம் தரவேண்டியது உண்மை" என்று இப்போது அவரிடம் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணலாம். கொடுக்கிற எண்ணம் உள்ளவர் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார். தயங்கினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

*

திருமங்கலத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரப் பெரியவர் இறந்துவிட்டார். அட்வான்ஸ் 40,000 அவரிடம் கொடுத்தது. மூத்த மகன் "அப்பாவிடம் கொடுத்ததை அப்பாவிடம் கேள்" என்கிறான். இளையவர் "அண்ணனைக் கேளுங்கள்" என்கிறார்.
– வாசகி, திருமங்கலம்

மூத்தவருக்குச் சொல்லுங்கள்: அப்பாவின் வீடு வேண்டும் என்றால் அப்பாவின் கடனும் கூடத்தான் வரும். அவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரை வாரிசுகள் அத்தனை பேரும் பொறுப்பு. மகள்கள் இருந்தால் அவர்களும்தான். கடிதத்தை எல்லார் பெயருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்பது உங்களுக்குச் சாதகம். வாடகையை யாரிடம் கொடுப்பது என்று எல்லாரும் சேர்ந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதிலேயே "அட்வான்ஸ் 40,000 எங்கள் பொறுப்பு" என்று ஒரு வரி சேர்த்து வாங்கிவிடுங்கள். வாடகை வேண்டும் என்ற அவசரத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

*

எல்லாரும் வாடகைக்கு இருப்பவர்களுக்கே பேசுகிறீர்கள். நான் ரிட்டயரான வாத்தியார். வாடகைக்கு இருந்தவன் வாஷ்பேசினை உடைத்து, கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு மாத கரண்ட் பில் கட்டாமல் போய்விட்டான். இப்போது அட்வான்ஸ் கேட்கிறான். எவ்வளவு பிடிக்கலாம்?
– பழங்காநத்தம்

ஐயா, பிடியுங்கள். வாஷ்பேசின், கரண்ட் பில், இரண்டும் அவர் கணக்கு. பேசினை மாற்றி, கடையின் பில்லையும் பிளம்பர் கூலியையும் காட்டிப் பிடியுங்கள். "சுமார் 5,000" என்று உத்தேசமாகச் சொன்னால் சண்டை வரும். பழைய பேசினுக்குப் பதில் புது மாடல் கிரானைட் மேடையோடு போட்டுவிட்டு அந்தப் பில்லை நீட்டாதீர்கள். ஸ்டிக்கரை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினால் வந்துவிடும், அதற்குப் போய் பாலிஷ் கணக்கு எழுதவேண்டாம். மீதியை அவர் காலி செய்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கணக்கில் போட்டுவிடுங்கள், கணக்குச் சீட்டையும் கூடவே அனுப்புங்கள். முதல் கேள்வியில் பார்த்த சீட்டு மாதிரி இல்லாமல், பில்லோடு.

*

காலி செய்யும்போது வீட்டைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டுமா?
– வாசகி, வில்லாபுரம்

கழுவுங்கள். பிறகு ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, தரை நன்றாகக் காய்ந்ததும் அறை அறையாக வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து காட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டி, கடைசியில் ஈ.பி. மீட்டரில் நிறுத்துங்கள். ஈரத்தோடு எடுத்தால் எந்த வீடும் பளபளவென்றுதான் தெரியும். அதை வீட்டுக்காரரும் சொல்வார்.